கன்வர்ட் பண்ணியே காணாமப் போகும் கல்யாண வீடியோக்கள்

பெங்களூர்ல எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் தெரிஞ்ச விஷயம் இது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போயிட்டுத் திரும்பும்போது, முறுக்கு டப்பாவுக்கு அடியில ஒரு பழைய வீடியோ கேசட்டோ கீறல் விழுந்த டிவிடியோ வந்து சேரும். "வீட்டை ஒழிச்சுக்கிட்டு இருக்கோம், நீ எடுத்துட்டுப் போயிடு"ன்னு அம்மா சொல்லியிருப்பாங்க. அடுத்த வாரமே லிஃப்ட்ல நம்மளைப் பிடிச்சுக்குவாங்க. "சார், வீடியோ கன்வர்ட் பண்ணப் போட்டா ராத்திரி பூரா ஓடுது. வேகமாக்க என்ன வாங்கணும்? கிராபிக்ஸ் கார்டா? புது ப்ராசஸரா? இல்ல, பல மடங்கு வேகம்னு விளம்பரம் வருதே, அந்த மென்பொருளா?"

ஊரு முழுக்க பொட்டி தட்டற ஆளுங்க இருக்கும்போது, பி.காம் படிச்சுட்டு வங்கியில குப்பை கொட்டற என்கிட்ட ஏன் கேக்கறாங்கன்னா, பொட்டி தட்டறவங்களுக்கு நேரம் இல்ல :-) அதனால என் பதிலை இங்கேயே மொத்தமா சொல்லிடறேன். ஒண்ணும் வாங்காதீங்க. நீங்க கேக்கற கேள்வியே தப்பு. இந்த வேகப் பைத்தியத்தால நம்ம வீடுகள்ல ஒரு தலைமுறையோட முகமும் குரலும் அழிஞ்சுக்கிட்டு இருக்கு. கோவமாத்தான் எழுதறேன்.

முதல்ல மாத்தறதுன்னா என்னன்னு பாப்போம். ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்குங்க. அதைக் கொடுத்து திர்ஹாம் வாங்குங்க. திரும்ப ரூபாயாக்குங்க. நூறு ரூபா நூறாவே திரும்பி வருமா? ஒவ்வொரு கவுன்ட்டர்லயும் கமிஷன் போகும். வீடியோவும் அப்படித்தான். நாம பயன்படுத்தற எம்பெக்-2, எச்.264, எச்.265 எல்லாமே கண்ணுக்குப் பெருசா தெரியாதுன்னு நினைக்கற விவரங்களை வெட்டி எறிஞ்சுதான் கோப்பைச் சின்னதாக்குது. வெட்டினது வெட்டினதுதான், திரும்ப வராது. கேசட்லேர்ந்து டிவிடி, டிவிடிலேர்ந்து எம்பி4, அதை வாட்ஸப்புக்காக இன்னும் சின்னதா ஒண்ணு. மூணு கவுன்ட்டர், மூணு கமிஷன். கடைசியில தாலி கட்டற காட்சியில தாலியே தெரியாது, மஞ்சளா ஒரு கட்டம்தான் தெரியும்.

ரெண்டாவது, பாதிப் பேர் மாத்தவே தேவையில்லாததை உக்காந்து மாத்திக்கிட்டு இருக்காங்க. எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ எல்லாம் வெறும் பாத்திரம். உள்ள இருக்கற எச்.264 மாதிரி சமாச்சாரம்தான் சாம்பார். எவர்சில்வர் தூக்குல இருக்கற சாம்பாரை டிபன் கேரியருக்கு மாத்தணும்னா ஊத்தினா போதும். நாம என்ன பண்றோம்? மறுபடி அடுப்புல ஏத்தி, தண்ணி விட்டு, ரெண்டு மணி நேரம் கொதிக்க வெச்சுட்டு, "அடுப்பு ஸ்லோவா இருக்கு, பெரிய அடுப்பு வாங்கலாமா"ன்னு கேக்கறோம். ஐபோன்ல எடுத்த எம்ஓவி கோப்பை எம்பி4 ஆக்கறது பெரும்பாலும் பாத்திரம் மாத்தற வேலைதான். 2000-ல ஃபாப்ரிஸ் பெலார்ட் தொடங்கின எஃப்எஃப்எம்பெக்ல 'காப்பி'ன்னு ஒரு தேர்வு இருக்கு. கறுப்புத் திரையில கட்டளை அடிக்கப் பயமா இருந்தா லாஸ்லெஸ்கட், எம்கேவிடூல்நிக்ஸ்னு இலவச மென்பொருள்கள் இருக்கு. ரெண்டு ஜிபி கோப்பு ஒரு நிமிஷத்துக்குள்ள முடியும், ஒரு புள்ளி கூட மாறாது. எல்லாரும் சொல்ற ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், ஆனா அதுக்கு ஊத்தத் தெரியாது. படத்தை எப்பவுமே மறுபடி கொதிக்க வைக்கும்.

டிவிக்குப் படம் வருது, சத்தம் வரலையா? அதுக்கு மூணு மணி நேரப் படத்தையும் மாத்துவாங்களா யாராவது? படத்தை அப்படியே காப்பி பண்ணிட்டு ஒலியை மட்டும் ஏஏசி-யா மாத்துங்க. காபி ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும். பென் டிரைவ்ல ஏத்தும்போது "கோப்பு ரொம்பப் பெருசு"ன்னு வருதா? டிரைவ்ல இடம் இருந்தும் அப்படி வந்தா, அது பழைய ஃபேட்32 முறையில ஃபார்மட் ஆகியிருக்கும். அதுல நாலு ஜிபிக்கு மேல ஒத்தைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணிக்குங்க. உள்ள இருக்கறது அழியும், அதனால முதல்ல வேற இடத்துல எடுத்து வெச்சுக்குங்க. இது தெரியாம, நாலு ஜிபிக்குள்ள அடக்கணும்னு கல்யாண வீடியோவை நசுக்கினவங்க எத்தனை பேர்!

சரி, நெஜமாவே மாத்தித்தான் ஆகணும்னு வெச்சுக்குவோம். ஏன் இவ்ளோ நேரம் ஆகுது? ஒவ்வொரு படத்தையும் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு, "இந்தக் கட்டம் முந்தின படத்துல எங்க இருந்தது? எந்தப் பக்கம் நகர்ந்தது? எப்படி எழுதினா இடம் மிச்சம்?"னு பொட்டி தேடுது. எவ்ளோ பொறுமையாத் தேடுதோ அவ்ளோ நல்லா அடைக்க முடியும். எக்ஸ்264, எக்ஸ்265 ரெண்டுலயும் இதுக்குப் பத்துப் படி வெச்சிருக்காங்க. ஒரு முனையில 'அல்ட்ராஃபாஸ்ட்', இன்னொரு முனையில 'பிளாசிபோ'. கடைசிப் படிக்குப் போலி மாத்திரைன்னு செஞ்சவங்களே பேரு வெச்சுட்டாங்க, அங்க போறதுல லாபம் இல்லைன்னு அர்த்தம். ஆனா இந்த முனையில இருக்கற வேகம் எப்படி வருதுன்னு கேளுங்க. தேடறதை விட்டுடறதால வருது. பத்து நிமிஷத்துல கடன் அப்ரூவ் பண்ற அதிகாரி திறமைசாலியா, இல்ல பத்திரத்தைப் படிக்காதவரா? அதே தரம் வேணும்னா கோப்பு ஊதிப் போகும். அதே அளவுல அடைச்சா தரம் செத்துப் போகும். இலவச வேகம்னு ஒண்ணு இல்லீங்க.

அந்த 'பல மடங்கு வேகம்' விளம்பரங்களும் இந்த வித்தைதான். பல மாற்றிகளுக்கு உள்ள ஓடறது அதே இலவச எஃப்எஃப்எம்பெக். மேல பளபளன்னு ஒரு சட்டை, மாசாமாசம் சந்தா. வேகம் வர்றது வெறும் பாத்திரம் மாத்தறதாலயோ, தேடறதைக் குறைச்சதாலயோ, இல்ல சில்லுல இருக்கற தனி வன்பொருளாலயோதான். அந்த வன்பொருள் உங்ககிட்ட ஏற்கனவே இருக்க வாய்ப்பு அதிகம். இன்டெல்லோட குவிக் சிங்க் 2011-லயே வந்துடுச்சு, என்விடியாவோட என்விஎன்க் 2012-ல. ஹேண்ட்பிரேக்லயே அதைத் தேர்ந்தெடுக்கலாம், காசு கிடையாது. பாப்பாவோட ஸ்கூல் டான்ஸை தாத்தாவுக்கு உடனே அனுப்பணுமா? தாராளமா அதைப் பயன்படுத்துங்க, அதுக்குத்தான் அது இருக்கு. ஆனா காலத்துக்கும் வெச்சுக்கற பிரதிக்கு வேண்டாம். ஒரே அளவுக் கோப்புன்னா, பொறுமையா ஓடற மென்பொருள் குறியாக்கிதான் பொதுவா நல்லா இருக்கும். அதுலயும் பழைய கேசட்ல படம் முழுக்கப் பொடிப்பொடியா இரைச்சல் இருக்கும். அடைக்கறதுக்கு அதைவிடக் கஷ்டமான சரக்கு கிடையாது.

இந்த எக்ஸ்265-ஐ 2013-ல வெளியிட்ட மல்டிகோர்வேர் நிறுவனத்துக்குச் சென்னையில அலுவலகம் இருக்கு. அதோட நிரல்ல உழைச்சவங்கள்ல நம்ம ஊர்ப் பசங்க நிறைய. இதே பெங்களூர்ல, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்லேர்ந்து வெளிய வந்தவங்க 2001-ல தொடங்கின இட்டியம் நிறுவனம் எழுதின நிரல்தான் ஆண்ட்ராய்டுல எச்.264, எச்.265 படங்களைப் பிரிக்கப் பயன்பட்டிருக்கு. ஒவ்வொரு புள்ளியையும் காப்பாத்த நம்மாளுங்களே வருஷக்கணக்கா மண்டையை உடைச்சிருக்காங்க. நாம 'அல்ட்ராஃபாஸ்ட்'ல போட்டுட்டு, "கேசட்டு அப்பவே மங்கல் சார்"னு சொல்றோம்.

அடுத்து, என் ரத்த அழுத்தத்தை ஏத்தற விஷயம். "உங்க பழைய கேசட்டை 4கே-வா மாத்தித் தர்றோம்." கணக்குப் போடுங்க. நம்ம பால் முறைப் படத்தை முழுசாப் பிடிச்சா 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளி. ஃபுல் எச்டின்னா 20,73,600, சரியா அஞ்சு மடங்கு. 4கேன்னா 82,94,400, சரியா இருபது மடங்கு. விஎச்எஸ் கேசட்ல குறுக்குவாட்டு விவரமே சுமார் 240 கோடுதான். ஒரு படி அரிசியை இருபது படி பானையில கொட்டினா இருபது படி ஆயிடுமா? பொட்டிக்கு வேலை மட்டும் இருபது மடங்கு. அப்புறம் "ஸ்லோவா இருக்கு"ன்னு அழுகை. உங்க கன்வர்ஷனை வேகமாக்க ஒத்தை வழி கேட்டீங்கன்னா இதுதான்: இருக்கற அளவுலயே விடுங்க. பெருசாக்கற வேலையை டிவியே பாத்துக்கும்.

இப்ப செயற்கை நுண்ணறிவு வந்து முகத்தைத் துலக்கித் தருதாம். அது துலக்கலை, கற்பனை பண்ணுது. கோடிக்கணக்கான முகங்களைப் பாத்துப் பழகி, "இந்த இடத்துல இப்படி ஒரு கண்ணு இருக்கலாம்"னு வரையுது. கையெழுத்து மங்கலா இருக்குன்னு கவுன்ட்டர்ல நானே மேல எழுதினா எனக்கு என்ன பேரு வைப்பீங்க? உங்க பாட்டிக்கு யாரோ ஒருத்தரோட கண்ணை வெச்சுட்டு, அதுக்குக் காசும் வாங்கிக்கறாங்க. ஆசைக்கு ஒரு பிரதி அப்படிப் பண்ணிக்குங்க, வேண்டாங்கலை. ஆனா அசல் அப்படியே இருக்கணும்.

அசல்! இங்கதான் நம்ம ஜனங்க கோட்டை விடறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், பல வருஷம் முன்னாடி ஒரு கடையில கல்யாணக் கேசட்டைக் கொடுத்து விசிடியா மாத்தி வாங்கினாங்க. சாயங்காலமே கையில கொடுத்துட்டாராம், அவ்ளோ வேகம். சின்ன வட்டு, இடத்தை அடைக்கலைன்னு சந்தோஷமாக் கேசட்டைக் குப்பையில போட்டாங்க. விசிடியில படம் 352-க்கு 288. கேசட்ல ஒரு நொடிக்கு 50 அரைப்படம் இருக்கும். விசிடி 25-ஐத்தான் வெச்சுக்கும், மீதி 25 போச்சு. பாதிக் கல்யாணத்தைக் குப்பையில போட்டுட்டு மீதியையும் நசுக்கி வட்டுல வாங்கியிருக்காங்க. வீட்டுக் கடனுக்கு வர்றவர் யாராவது, "மூலப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துட்டேன், அதனால கிழிச்சுப் போட்டுட்டேன்"னு சொல்வாரா? நிலத்துக்கு இருக்கற மரியாதை அப்பா குரலுக்கு இல்லையா?

"இடம் வேணுமே சார்"னு ஒரு வாதம் வரும். டிவிங்கற வடிவத்துல (தொலைக்காட்சி இல்லீங்க, டிஜிட்டல் வீடியோ) பிடிச்சா மணிக்கு 13 ஜிபி. மூணு மணி நேரக் கேசட் 39 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்ல 25 கேசட் அடங்கும். எந்த வீட்டுல 25 கேசட் இருக்கு? ரெண்டு டிஸ்க் வாங்கி ஒண்ணை இங்க வைங்க, இன்னொண்ணை ஊர்ல தங்கச்சி வீட்டுலயோ, சிங்கப்பூர் அண்ணன்கிட்டயோ கொடுங்க. கிராபிக்ஸ் கார்டுக்கு எடுத்து வெச்ச காசு இதுக்குத் தாராளமாப் போதும்.

"நேரம் இல்ல சார்" அடுத்த வாதம். அதையும் கணக்குல பாப்போம். மூணு மணி நேரக் கேசட்டைக் கணினியில பிடிக்க மூணு மணி நேரம்தான் ஆகும். கேசட் அதோட வேகத்துலதான் ஓடும், எந்தக் கார்டும் அதை மாத்த முடியாது. 180 நிமிஷம். அதுக்கப்புறம் மாத்தறதுக்கு ஒரு 30 நிமிஷம்னு வெச்சுக்குங்க, மொத்தம் 210. ஆயிரக்கணக்குல செலவழிச்சு மாத்தற வேலையை ஆறு மடங்கு வேகமாக்கிட்டீங்க, 5 நிமிஷம் ஆயிடுச்சு. மொத்தம் 185. மிச்சம் 25 நிமிஷம், நூத்துக்குப் பன்னெண்டு. அதுவும் நீங்க தூங்கும்போது ஓடற வேலையில! இந்த முதலீட்டை நான் எந்த வாடிக்கையாளருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்.

நெஜமான அவசரம் வேற இடத்துல இருக்கு. உலகத்துல கடைசியா விசிஆர் தயாரிச்சுக்கிட்டு இருந்த ஜப்பானோட ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோட நிறுத்திட்டுது. இனிமே கிடைக்கறதெல்லாம் பழைய மெஷின்தான். துபாய்லேர்ந்து மாமா கொண்டு வந்தது, பர்மா பஜார்ல வாங்கினது, பரண்ல தூசியோட கிடக்குமே, அதுதான். அதைச் சரி பண்ணத் தெரிஞ்சவங்களுக்கும் வயசாகுது. சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடற்கரை ஊர் ஈரத்துல கேசட்டுக்குள்ள வெள்ளைப் பூஞ்சை பூக்குது. அப்படிப் பூத்த கேசட்டை மெஷின்ல போடவே போடாதீங்க. ஹெட்டும் அழுக்காகும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கும். தெரிஞ்ச ஆள்கிட்ட சுத்தம் பண்ணிட்டுத்தான் போடணும். அமெரிக்கா, கனடாவுல இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. நம்ம ஊர்க் கேசட் பால் முறை, அங்க ஓடற மெஷின் என்டிஎஸ்சி. அதனால கேசட்டை இங்கயே பிடிச்சு, கோப்பா அனுப்பச் சொல்லுங்க. "அமெரிக்காவுக்குப் போகுது, என்டிஎஸ்சி-யா மாத்தித் தர்றேன்"னு கடைக்காரர் சொன்னா வேண்டான்னுடுங்க. கணினிக்கு நொடிக்கு 25 படமும் ஒண்ணுதான், 30-ம் ஒண்ணுதான். வீணா இன்னொரு கமிஷன் எதுக்கு? மினிடிவி கேசட்டா இருந்தா அது ஏற்கனவே டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிள்ல எடுத்தா உள்ளது உள்ளபடி வரும், மஞ்சள் ஒயர்ல எடுத்தா மாறித்தான் வரும். ஃபயர்வயர் துளை உள்ள பழைய பொட்டி வீட்டுல இருந்தா எக்ஸ்சேஞ்சுல போடாதீங்க. டிவிடியா? எதையும் மாத்தாம வட்டுல இருக்கற கோப்புகளை அப்படியே டிஸ்க்குக்குக் காப்பி பண்ணுங்க, பத்துப் பதினஞ்சு நிமிஷ வேலை. வீட்டுல எரிச்ச வட்டு எந்த நாள் படிக்காமப் போகும்னு சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய அவசரம் ஒண்ணு. அந்த வீடியோவுல பந்தியில மூணாவதா உக்காந்து சிரிக்கறாரே, அவர் யாரு? நலங்கு வெக்கும்போது பாடறாங்களே, அது எந்தப் பெரியம்மா? தெரிஞ்சவங்க வீட்டுக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோதான் மிச்சம். ப்ராசஸர் அடுத்த வருஷம் இன்னும் வேகமா வரும். அத்தைக்கு அடுத்த வருஷம் ஞாபகம் எப்படி இருக்கும்? கேசட் ஓடற அந்த மூணு மணி நேரத்தை வீணாப் போற நேரம்னு நினைக்காம, அம்மாவையோ அத்தையையோ பக்கத்துல உக்கார வைங்க. நேர்ல முடியலைன்னா வீடியோ கால்ல கூப்பிடுங்க. போன்ல குரலைப் பதிவு பண்ணிக்கிட்டே யார் யாருன்னு கேளுங்க. "நாப்பதாவது நிமிஷம், பச்சைப் பட்டுப்புடவை, காரைக்குடிச் சித்தி"ன்னு ஒரு நோட்டுல எழுதி, படம் புடிச்சு அதே டிஸ்க்ல போடுங்க. எந்த மென்பொருளும் இதை உங்களுக்காகப் பண்ணித் தராது. பெங்களூர்ல பொறந்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கற நம்ம பசங்களுக்கு, அந்தக் கூட்டத்துல யார் யாருன்னு சொல்ல வேற ஆளே இல்ல.

அவ்ளோ சொல்லியும், "வேகத்துக்கு ஏதாவது சொல்லுங்க சார்"னு கேக்கறவங்களுக்காக:

1. மாத்தணுமான்னு முதல்ல பாருங்க. விஎல்சி-யில ஓடுது, டிவியிலயும் ஓடுதுன்னா விட்டுடுங்க.

2. பாத்திரம் மட்டும் மாத்தினாப் போதுமா, ஒலி மட்டும் மாத்தினாப் போதுமான்னு பாருங்க.

3. முழுப் படத்தையும் ஓட விடறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷத் துண்டை மாத்தி டிவியில போட்டுப் பாருங்க. ஆறு மணி நேரம் ஓடி முடிஞ்சப்புறம் சத்தம் வரலைன்னு தெரியறதுதான் பெரிய தாமதம்.

4. லேப்டாப்பை மெத்தை மேல வெச்சு ஓட்டாதீங்க. சூடானா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். சார்ஜர்ல போட்டு, மேஜை மேல வெச்சு, விசிறித் துளையில தூசி தட்டிட்டு ஓட்டுங்க. புது கார்டு இல்லாமலே வேகம் கிடைக்கும்.

5. பென் டிரைவ்லயே வெச்சு வேலை பாக்காதீங்க. யூஎஸ்பி 2.0 துளையில நொடிக்கு 30, 40 எம்பிக்கு மேல எதிர்பாக்க முடியாது. உள் டிஸ்க்குக்கு எடுத்துட்டு ஆரம்பிங்க.

6. வேகமாகும்னு யார் சொன்னாலும் ஆன்டிவைரஸை அணைக்காதீங்க. தெரியாத தளத்துலேர்ந்து 'கிராக்' பண்ணின கன்வர்ட்டர் இறக்காதீங்க. அப்படி இறக்கிட்டு, கணக்குல பணம் போச்சுன்னு ஓடி வர்றவங்களை கவுன்ட்டர்ல பாக்கற ஆள் சொல்றேன்.

7. காலத்துக்கும் வெச்சுக்கற பிரதிக்கு எக்ஸ்264, 'ஸ்லோ', தர எண் 18. கேசட் படத்துல சீப்புப் பல்லு மாதிரிக் கோடு வந்தா டீஇன்டர்லேஸ் பண்ணும்போது 25-ஆ ஆக்காம 50 படமா வெச்சுக்குங்க. ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க. கரன்ட் போகும், அதனால யூபிஎஸ் முக்கியம்.

டிஸ்கி: கடை வெச்சிருக்கற நண்பர்கள் கோவிச்சுக்க வேண்டாம். அசலைத் திருப்பிக் கொடுத்து, நசுக்காத கோப்பையும் கொடுத்து, "ரெண்டு நாள் ஆகும் சார்"னு சொல்ற கடைக்காரருக்கு கேக்கற காசைக் கொடுக்கலாம். ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்றவர்கிட்டதான், மூணு மணி நேரக் கேசட்டை ஒரு மணி நேரத்துல எப்படி ஓட்டினீங்கன்னு கேளுங்க.